யோவான் போஸ்கோ

யோவான் போஸ்கோ (ஆகஸ்ட் 16, 1815 – ஜனவரி 31, 1888) இத்தாலியைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவும், கல்வியாளரும், எழுத்தாளரும் ஆவார். இத்தாலியில் குருக்களின் பெயருக்கு முன் வழங்கும் தொன் என்னும் மரியாதைச் சொல்லைச் சேர்த்து இவரைத் தொன் போஸ்கோ என்று அழைப்பது வழக்கம். தமிழ்நாட்டில் டான் போஸ்கோ என்றும் எழுதப்படுகிறது. துரின் நகரின் வால்தோக்கோ பகுதியில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக இவர் நடத்திய இல்லம் 19 ஆம் நூற்றாண்டின் குறிப்பிடத்தக்க சிறுவர் இல்லங்களுள் ஒன்றாகும். விளையாட்டு, இசை, நாடகம், சுற்றுலா ஆகியவற்றை நல்லொழுக்கத்திற்கான பரிசாகக் கொள்ளாமல், இல்லத்தின் அன்றாட வாழ்வின் பகுதியாகவே இவர் வைத்திருந்தார். சலேசிய சபையை நிறுவியவரும் இவரே. இச்சபையினர் இந்தியாவில் முதன்முதலில் கால்பதித்த இடம் தஞ்சாவூர் ஆகும்.

பிறப்பும் இளமையும்

யோவான் போஸ்கோ வட இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில், காஸ்தல்நுவோவோ என்னும் ஊரை அடுத்த பெக்கி என்ற சிற்றூரில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று அவர் பெயராலேயே காஸ்தல்நுவோவோ தொன் போஸ்கோ என்று வழங்கப்படுகிறது. தந்தை பிரான்செஸ்கோ 1817 இல் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். அப்போது யோவானுக்கு இரண்டு வயது கூட நிறைந்திருக்கவில்லை. தாய் மார்கரீத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். மூத்த தாரத்து மகன் அந்தோனியோ, தம் மக்களான யோசேப்பு, யோவான் ஆகிய மூவரையும், வயதான மாமியாரையும் காப்பாற்றும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது.

யோவான் படிக்க விரும்பியதை அந்தோனியோ ஏற்கவில்லை. வயலில் உழைக்க வேண்டிய கைகள் புத்தகத்தைப் பிடிப்பது குடும்பத்திற்கு இழப்பு என்று அவர் கருதினார். வீட்டில் பூசல் முற்றியதால் 1828 இல் தாய் தம் இளைய மகனை வெளியூருக்கு அனுப்ப நேர்ந்தது. யோவான் மோல்யா என்னும் குடும்பத்தாரின் பண்ணையில் 1829 வரை வேலையாளாக இருந்தார். தந்தையற்ற வறுமையையும், வீட்டைப் பிரிந்து பிறர் வீட்டில் வளர்வதையும் சிறு வயதிலேயே அவர் அறிந்திருந்தார்.

ஒன்பது வயதளவில் கண்ட ஒரு கனவைத் தம் வாழ்வின் தொடக்கமாக அவர் பிற்காலத்தில் குறித்துள்ளார். அக்கனவில் சிறுவர் கூட்டம் ஒன்று சண்டையிட்டுத் தீய சொற்களைப் பேசிக்கொண்டிருந்தது. யோவான் அவர்கள் நடுவே பாய்ந்து கைமுட்டிகளால் அடக்க முயன்றார். அடியினால் அன்றிக் கனிவினாலேயே அவர்களை வெல்ல வேண்டும் என்று அப்போது அவருக்கு அறிவுறுத்தப்பட்டது.

கழைக்கூத்தும் கண்கட்டு வித்தையும்

அக்காலத்தில் பீட்மாண்ட் ஊர்ச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கழைக்கூத்தாடிகளும் கண்கட்டு வித்தைக்காரர்களும் காட்சி நடத்தி வந்தனர். சிறுவன் யோவான் அவர்களுக்கு மிக அருகில் நின்று ஒவ்வோர் அசைவையும் கவனித்தான். வீடு திரும்பியதும், பலமுறை விழுந்து அடிபட்டாலும் விடாமல் பழகினான். கைகளால் நடப்பது, குட்டிக்கரணம் போடுவது, இரண்டு மரங்களுக்கிடையே கட்டிய கயிற்றின்மேல் நடப்பது, பொருள்களை மறைத்துக் காட்டுவது ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி பெற்றான்.

பெக்கியில் வீட்டை அடுத்த புல்வெளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வித்தை காட்டியபோது அண்டை அயலார் கூடினர். காட்சிக்குக் காசு கேட்கப்படவில்லை. வித்தைகளுக்கு முன்போ இடையிலோ அனைவரும் செபமாலை சொல்ல வேண்டும். அன்று கோவிலில் கேட்ட மறையுரையை யோவான் திருப்பிச் சொல்லும்போது அதைக் கேட்க வேண்டும். இவையே கட்டணம். வேடிக்கையால் கூட்டத்தைச் சேர்த்து, சேர்ந்தவர்களிடம் தான் சொல்ல விரும்பியதைச் சொல்லும் இம்முறை அவருடைய பிற்காலப் பணியிலும் தொடர்ந்தது.

மகிழ்ச்சிக் கழகம்

யோவான் 1831 இல் கியேரி என்னும் நகரில் பள்ளியில் சேர்ந்தார். தங்கும் செலவுக்காகத் தையற்கடையிலும் காப்பிக்கடையிலும் வேலை செய்தார். தம்மைவிட வயதில் மிகவும் சிறிய மாணவர்களுடன் ஒரே வகுப்பில் அமர வேண்டியிருந்தது. அங்கு நண்பர்களைச் சேர்த்து மகிழ்ச்சிக் கழகம் என்ற குழுவை அமைத்தார். கிறித்தவருக்குத் தகாத பேச்சையும் செயலையும் விலக்க வேண்டும், கடமைகளைச் சரிவரச் செய்ய வேண்டும், மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பனவே அதன் விதிகள்.

அக்காலத்தில் தொழில்முறை வித்தைக்காரர் ஒருவருடன் யோவான் போட்டியிட்டார். ஓட்டம், தாண்டுதல், மந்திரக்கோலைக் கையில் நிறுத்தி ஆட்டுதல், மரத்தின் உச்சிக்கு ஏறுதல் என நான்கு சுற்றுகள் நடந்தன. நான்கிலும் யோவானே வென்றார். பந்தயத் தொகை ஏறிக்கொண்டே சென்றதால் வித்தைக்காரர் 240 லீராவை இழந்து கைப்பொருளின்றி நின்றார். மாணவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக அவரிடம் ஒரு விருந்து மட்டும் பெற்றனர். 1873 ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய தன்வரலாற்றில் யோவான் போஸ்கோ இதை விரிவாகக் கூறியுள்ளார்.

1835 இல் குருமடத்தில் சேர்ந்தபோது, குருவாகப் போகிறவருக்கு இவை பொருந்தா என்று எண்ணிப் பொதுக்காட்சிகளையும் கண்கட்டு வித்தையையும் கைவிட உறுதி பூண்டார். அவர் வயலின் வாசிப்பதைக் கேட்டுத் தெருவில் மக்கள் நடனமாடியதை அறிந்து அந்த வயலினை உடைத்துவிட்டதாகவும் எழுதியுள்ளார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் துரின் நகரத் தெருச் சிறுவர்களைச் சந்தித்தபோதுதான், கைவிட்ட கலைகளை மீண்டும் கையில் எடுத்தார்.

துரின் நகரில்

யோவான் போஸ்கோ ஜூன் 5, 1841 அன்று துரின் நகரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பின்னர் அந்நகரிலேயே இளங்குருக்களுக்கான பயிற்சி இல்லத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்கு வழிகாட்டியாக இருந்த யோசேப்பு கஃபாசோ அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். துரின் அப்போது சார்தீனிய இராச்சியத்தின் தலைநகராக விரைந்து வளர்ந்து கொண்டிருந்தது. மலையூர்களிலிருந்து கொத்து வேலைக்கும், கல் உடைக்கும் வேலைக்கும், புகைபோக்கி துடைக்கும் வேலைக்கும் சிறுவர்கள் வந்து குவிந்தனர். வேலையில்லாத நாள்களில் பலர் திருட்டில் இறங்கிச் சிறைப்பட்டனர். விடுதலையான பின்பும் அவர்களில் பலர் மீண்டும் சிறைக்கே திரும்பினர். வெளியே அவர்களுக்கென்று ஒருவரும் இல்லாததே இதற்குக் காரணம் என்று போஸ்கோ கண்டார்.

டிசம்பர் 8, 1841 அன்று பிரான்சிஸ் அசிசி கோவிலில் அவர் திருப்பலிக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். பூசைக்கு உதவத் தெரியாது என்ற காரணத்தால், அங்கு வந்து நின்ற ஓர் இளைஞனைக் கோவில் பணியாளர் அடித்து விரட்டினார். போஸ்கோ அவனைத் திரும்ப அழைக்கச் செய்தார். பர்த்தொலொமேயோ கரெல்லி என்னும் அவன் பதினாறு வயதினன். தாய் தந்தையரை இழந்தவன். கொத்து வேலைக்கு வந்தவன். படிக்கவும் எழுதவும் பாடவும் தெரியாது என்று ஒவ்வொன்றிற்கும் அவன் பதில் கூறினான். இறுதியில், சீழ்க்கை அடிக்கவாவது தெரியுமா என்று கேட்டதும் அவன் சிரித்துவிட்டான் என அவருடைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இச்சந்திப்பே தம் பணியின் தொடக்கம் என்று போஸ்கோ கருதினார். அடுத்து வந்த ஞாயிறுகளில் கரெல்லி தன் தோழர்களையும் அழைத்து வந்தான்.

இடமின்றி அலைந்த காலம்

ஞாயிறுதோறும் கூடிய இச்சிறுவர் கூட்டம் ஆரட்டரி எனப்பட்டது. செபக்கூடம் என்பது இதன் பொருள் எனினும் திருப்பலி, மறைக்கல்வி, விளையாட்டு, பாட்டு, எழுத்தறிவு ஆகிய யாவும் அங்கு நடந்தன. சிறுவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் பெருகியபோது, அவர்களின் கூச்சலைப் பொறுக்கும் இடம் கிடைக்கவில்லை. 1844 முதல் 1846 வரை இக்கூட்டம் ஊர் ஊராக அலைவதுபோல் நகருக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம் ஒன்றில் ஒரே ஒரு ஞாயிறுதான் இருக்க முடிந்தது. மாவு ஆலைகளின் அருகே கூடியபோது ஆலைக்காரர்கள் முறையிட்டனர். பின்னர் வாடகைக்கு எடுத்த அறைகளில் குடியிருந்தோரும், வாடகைப் புல்வெளியின் உரிமையாளர்களும் அவர்களை வெளியேற்றினர்.

இத்தனை இளைஞர்கள் ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கூடுவதை நகர நிருவாகம் ஐயத்துடன் நோக்கியது. நகரக் காவலுக்குப் பொறுப்பாயிருந்த மைக்கேல் கவூர் பிரபு இக்கூட்டங்களைத் தடுக்க முயன்றார். காவலர்கள் வந்து கண்காணித்தனர். குருக்களிலும் சிலர் போஸ்கோவுக்கு மனநிலை பிறழ்ந்துவிட்டது என்று நம்பினர். இருவர் வண்டியுடன் வந்து அவரை மனநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல முயன்றனர். அவர் அவர்களையே முதலில் வண்டியில் ஏறச் செய்து, கதவைச் சாத்தி அனுப்பிவிட்டதாக அவருடைய தன்வரலாறு கூறுகிறது.

இத்தனைக்கும் நடுவே கூட்டம் குலையவில்லை. நகருக்கு வெளியே சுபெர்கா குன்றுக்குச் சிறுவர்கள் நடந்து சென்ற சுற்றுலாவில் ஒரு முரசும், ஓர் ஊதுகொம்பும், ஒரு கித்தாரும் இருந்தன. இசை பொருந்தவில்லை என்றாலும் ஊர்வலம் உற்சாகமாக நடந்தது. ஏப்ரல் 12, 1846 அன்று, உயிர்ப்பு ஞாயிறு நாளில், வால்தோக்கோவில் பினார்தி என்பவரிடம் வாடகைக்கு எடுத்த தாழ்வான கொட்டகையில் ஆரட்டரி நிலைகொண்டது. தலை இடிக்காதவாறு கொட்டகையின் தரை தோண்டித் தாழ்த்தப்பட்டது.

வால்தோக்கோ இல்லம்

ஓய்வின்றி உழைத்த போஸ்கோ 1846 ஜூலையில் கடும் நோயுற்று இறக்கும் நிலைக்குச் சென்றார். கொத்து வேலை செய்யும் சிறுவர்கள் வேலை முடிந்ததும் கோவில்களில் அவருக்காக வேண்டினர். அவர் குணமடைந்து சொந்த ஊரில் ஓய்வெடுத்தபின், நவம்பர் 3, 1846 அன்று தாய் மார்கரீத்தாவுடன் நடந்தே துரின் திரும்பினார். அதன்பின் மார்கரீத்தா அந்த இல்லத்துச் சிறுவர்கள் அனைவருக்கும் தாயானார். தம் திருமண ஆடைகளையும் நகையையும் இல்லத்தின் தேவைகளுக்கே செலவிட்டார்.

இரவில் தங்க இடமில்லாத சிறுவர்களை வீட்டில் சேர்க்கும் முயற்சி முதலில் தோல்வியுற்றது. வைக்கோற் பரணில் படுக்க வைத்தவர்கள் விடியுமுன் போர்வைகளையும் விரிப்புகளையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டனர். எனினும் 1847 மே மாதத்தில், மழை பெய்த ஓர் இரவில் நனைந்து வந்து நின்ற அநாதைச் சிறுவன் ஒருவனுக்கு மார்கரீத்தா சமையலறையில் படுக்கை போட்டுக் கொடுத்தார். அவனே இல்லத்தில் தங்கிய முதற் சிறுவனாகக் கருதப்படுகிறான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமாக இருந்தது அன்று முதல் சிறுவர் இல்லமாகவும் ஆயிற்று. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அங்குத் தங்கியோர் பல நூறு பேராயினர்.

சிறுவர்களின் விளையாட்டைப் பொறுத்துக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. படைவீரராக இருந்த புரோசியோ என்பவர் சிறுவர்களுக்கு மரத் துப்பாக்கிகளுடன் அணிவகுப்பும் போர் விளையாட்டும் கற்பித்தார். ஒருநாள் விளையாட்டின் வேகத்தில் இரு அணிகளும் மார்கரீத்தாவின் காய்கறித் தோட்டத்திற்குள் புகுந்து அதை முற்றிலும் மிதித்து அழித்துவிட்டன. துவைத்த துணிகள் மண்ணில் கிடப்பதும், பாத்திரங்கள் காணாமற்போவதும் ஏற்கெனவே வழக்கமாக இருந்தன. மனமுடைந்த மார்கரீத்தா பெக்கிக்கே திரும்பிவிட விரும்புவதாக மகனிடம் கூறினார். போஸ்கோ மறுமொழி கூறாமல் சுவரில் இருந்த சிலுவையைக் காட்டினார். மார்கரீத்தா மீண்டும் தம் வேலையைத் தொடர்ந்தார். நவம்பர் 25, 1856 இல் இறக்கும்வரை அவர் அவ்வில்லத்திலேயே இருந்தார்.

தொழிற்கல்வி

இல்லத்துச் சிறுவர்கள் தொடக்கத்தில் நகரத்துப் பட்டறைகளுக்கு வேலைக்குச் சென்றனர். அங்கு அடியும், வேலைக்குத் தொடர்பில்லாத ஏவல்களும் அவர்களுக்குக் காத்திருந்தன. எனவே 1851 முதல் போஸ்கோ பட்டறை உரிமையாளர்களுடன் எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்யத் தொடங்கினார். சிறுவனை அடிக்கலாகாது, தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கலாகாது, விழா நாள்களில் ஓய்வு தரவேண்டும், ஆண்டுக்கு 15 நாள் விடுமுறை அளிக்க வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகள் அவற்றில் இடம்பெற்றன.

பின்னர் இல்லத்திலேயே பட்டறைகள் அமைக்கப்பட்டன. 1853 இல் செருப்புத் தைத்தலும் தையலும், 1854 இல் புத்தகக் கட்டுமானமும், 1856 இல் தச்சும் தொடங்கப்பட்டன. 1861 இல் அச்சுக்கூடமும் அடுத்த ஆண்டில் இரும்புப் பட்டறையும் அமைந்தன. போஸ்கோ எழுதிய பள்ளி நூல்கள் பல இவ்வச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டன.

இல்லத்தில் விளையாட்டும் கலைகளும்

விளையாட்டு

வால்தோக்கோ முற்றத்தில் பந்து உருட்டுதல், வளையம் எறிதல், பொய்க்கால் கட்டி நடத்தல், உடற்பயிற்சி ஆகியவற்றுக்கான பொருள்கள் இருந்தன. போஸ்கோ சிறுவர்களுடன் ஓடியாடி விளையாடினார். கண்கட்டு வித்தைகளையும் காட்டினார். ஆட்டத்தின் நடுவே ஒரு சிறுவனை அழைத்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி காதில் ஓரிரு சொற்கள் கூறுவது அவர் வழக்கம். அறிவுரையோ ஆறுதலோ கண்டிப்போ அச்சொற்களில் இருக்கும். வகுப்பறையில் ஆசிரியருக்குத் தெரியாத சிறுவனின் இயல்பு முற்றத்தில் வெளிப்படும் என்பது அவர் கருத்து. வழக்கத்திற்கு மாறாக ஒதுங்கி நிற்கும் சிறுவனுக்கு ஏதோ துயரம் உண்டு என்று விளையாட்டிடத்திலேயே அறிந்துகொள்ள முடிந்தது.

இசை

இரவுப் பள்ளியில் எழுத்துடன் பாட்டும் கற்பிக்கப்பட்டது. பகலெல்லாம் கல் சுமந்த சிறுவர்கள் மாலையில் பலகுரல் இசையைப் பயின்றனர். பின்னர் ஊதுகருவிகளும் முரசுகளும் கொண்ட இசைக்குழு உருவாயிற்று. இல்லத்தில் வளர்ந்த யோவான் கால்யேரோ நல்ல இசையமைப்பாளராகி, பிற்காலத்தில் அர்ஜென்டினாவுக்குச் சென்ற முதற் சலேசியக் குழுவின் தலைவராகவும் கர்தினாலாகவும் விளங்கினார்.

நாடகம்

சிறுவர்கள் நடித்த நாடகங்கள் கல்விக்கும் பயன்பட்டன. சார்தீனிய இராச்சியத்தில் 1850 இல் மெட்ரிக் அளவைமுறை நடைமுறைக்கு வந்தபோது பழைய அளவைகளுக்குப் பழகிய எளிய மக்கள் கடைகளில் ஏமாற்றப்படும் நிலை இருந்தது. போஸ்கோ அம்முறையை எளிதாக விளக்கும் ஒரு நூலை எழுதினார். அத்துடன் நிற்காமல், அதை நகைச்சுவை உரையாடல்களாக்கிச் சிறுவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 1950களின் இறுதியில் தமிழ்நாட்டில் வீசை, பலம், படி ஆகியவற்றிலிருந்து கிலோகிராமுக்கும் லிட்டருக்கும் மக்கள் மாறிய காலத்துக் குழப்பத்தை இதனுடன் ஒப்பிடலாம்.

1858 இல் நாடக மேடைக்கென்று அவர் விதிகளை வகுத்தார். நாடகம் மகிழ்ச்சியூட்டவும், கற்பிக்கவும், பண்படுத்தவும் வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. ஆடம்பர உடைகளும் கொடூரமான காட்சிகளும் இழிசொற்களும் விலக்கப்பட்டன.

சுற்றுலா

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் சிறுவர்களை அவர் பெக்கிக்கும், பின்னர் மொன்ஃபெராத்தோ குன்றுகளில் உள்ள ஊர்களுக்கும் நடத்திச் சென்றார். இசைக்குழு முன்னே முழங்க ஊருக்குள் நுழைவதும், மாலையில் ஊர் மக்களுக்கு நாடகம் நடத்துவதும் இப்பயணங்களின் சிறப்பு. நகரத்தில் தொல்லையாகக் கருதப்பட்ட சிறுவர்கள் இவ்வூர்களில் கலைஞர்களாக வரவேற்கப்பட்டனர். 1864 ஆம் ஆண்டுப் பயணத்தின்போது மொர்னேசே என்ற ஊரில் மரிய மசரெல்லோவைப் போஸ்கோ சந்தித்தார். சிறுமியருக்கான பணி இச்சந்திப்பின் வழியாகப் பின்னர் உருவானது.

1855 இல், துரின் அருகே இருந்த ஜெனராலா என்னும் இளங்குற்றவாளிகள் இல்லத்தினர் ஏறத்தாழ 300 பேரைக் காவலர் எவருமின்றி அவர் ஒருநாள் சுற்றுலா அழைத்துச் சென்றதாகவும், மாலையில் அனைவரும் திரும்பி வந்ததாகவும் அவர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இந்நிகழ்ச்சியின் விவரங்கள் குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

தடுப்பு முறைக் கல்வி

போஸ்கோ தம் அனுபவத்தை 1877 இல் ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். குற்றம் நிகழ்ந்தபின் தண்டிக்கும் முறைக்கு மாறாக, குற்றம் நிகழாதவாறு உடனிருந்து காக்கும் முறையை அது பரிந்துரைத்தது. இதனைத் தடுப்பு முறை என்று அவர் அழைத்தார். பகுத்தறிவு, சமயம், அன்பு நிறைந்த கனிவு ஆகிய மூன்றும் அதன் தூண்கள் ஆகும். சிறுவர்கள் விரும்பியவாறு ஓடவும், குதிக்கவும், கூச்சலிடவும் முழு உரிமை வேண்டும் என்று அக்கட்டுரையில் அவர் எழுதினார். உடற்பயிற்சி, இசை, நாடகம், சுற்றுலா ஆகியவை ஒழுங்கைக் காக்கவும் உடல்நலத்தைப் பேணவும் உதவும் சிறந்த வழிகள் என்றும் கூறினார்.

பிள்ளைகளை அடித்து வளர்ப்பது வீட்டிலும் பள்ளியிலும் இயல்பாகக் கருதப்பட்ட காலத்தில் உடல் தண்டனையை அவர் விலக்கச் சொன்னார். தண்டிக்க நேர்ந்தாலும் பிறர் முன்னிலையில் தண்டித்தல் ஆகாது என்பது அவர் கொள்கை.

உரோமை மடல்

இல்லம் பெரிதான பின்பு அதன் இயல்பு மாறத் தொடங்கியது. போஸ்கோ பணம் திரட்டவும் புதிய இல்லங்கள் அமைக்கவும் நெடும் பயணங்களில் இருந்தார். மே 10, 1884 என்ற நாளிட்டு உரோமையிலிருந்து வால்தோக்கோவுக்கு ஒரு மடல் அனுப்பினார். அவர் சொல்லச் செயலர் லெமோயின் எழுதிய அம்மடலில், கனவு ஒன்றின் வடிவில் இரண்டு முற்றங்கள் விவரிக்கப்பட்டன. பழைய முற்றத்தில் சிறுவர்கள் பாடியும் ஓடியும் களித்தனர். பெரியவர்கள் அவர்களுடன் கலந்து நின்றனர். புதிய முற்றத்தில் சிறுவர்கள் சோர்ந்து தூண்களில் சாய்ந்திருந்தனர். பெரியவர்கள் ஒருபுறம் கூடித் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தனர். சிலர் தொலைவிலிருந்து மேற்பார்வை மட்டும் செய்தனர்.

சிறுவர்களை நேசிப்பது மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்பதே அம்மடலின் சாரம். சிறுவர்கள் விரும்பும் விளையாட்டைப் பெரியவர்கள் விரும்பினால்தான், பெரியவர்கள் விரும்பும் படிப்பையும் ஒழுக்கத்தையும் சிறுவர்கள் விரும்புவர் என்று அது விளக்கியது. கட்டடமும், விதிகளும், அட்டவணையும் ஒழுங்காக இருந்தும் ஓர் இல்லம் எவ்வாறு வெறுமையாகிவிடும் என்பதைக் காட்டும் ஆவணமாக இம்மடல் கல்வியாளர்களால் இன்றும் படிக்கப்படுகிறது.

சபைகள்

டிசம்பர் 18, 1859 அன்று இல்லத்தில் வளர்ந்த இளைஞர்கள் உட்பட ஒரு சிறு குழுவினருடன் சலேசிய சபை தொடங்கப்பட்டது. கனிவுக்குப் பெயர்பெற்ற புனித பிரான்சிஸ் சலேசியாரின் பெயர் அதற்கு இடப்பட்டது. சபையின் ஒழுங்குகளுக்கு 1874 இல் உரோமையின் ஒப்புதல் கிடைத்தது. மரிய மசரெல்லோவுடன் இணைந்து 1872 இல் சலேசிய சகோதரிகள் சபையை அவர் நிறுவினார். 1875 இல் முதற் குழு அர்ஜென்டினாவுக்குப் புறப்பட்டது.

இறப்பும் புனிதர் பட்டமும்

யோவான் போஸ்கோ ஜனவரி 31, 1888 அன்று வால்தோக்கோவில் தம் 72 ஆம் வயதில் இறந்தார். அப்போது சபையில் 700 க்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1929 இல் அருளாளர் பட்டமும், ஏப்ரல் 1, 1934 அன்று திருத்தந்தை பதினோராம் பயசால் புனிதர் பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டன. இளமைக்கால வித்தைகளின் காரணமாகக் கண்கட்டு வித்தைக் கலைஞர்கள் பலர் இவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொள்கின்றனர்.

தமிழ்நாட்டில்

போஸ்கோவுக்குப் பின் சபைத் தலைவரான மைக்கேல் ரூவா இந்தியாவுக்கு முதற் குழுவை அனுப்பினார். மயிலை ஆயரின் அழைப்பை ஏற்று, ஜார்ஜ் தொமாத்திஸ் என்பவரின் தலைமையில் ஆறு பேர் 1906 ஜனவரியில் பம்பாய் வந்திறங்கி, ஜனவரி 14 அன்று தஞ்சாவூரை அடைந்தனர். அங்கிருந்த அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இவ்வாறு, தெருச் சிறுவர்களுக்காகத் துரின் நகரில் உருவான கல்விமுறை இந்தியாவில் முதலில் ஒரு தமிழ்நாட்டுச் சிறுவர் இல்லத்தில் நடைமுறைக்கு வந்தது. சலேசிய சகோதரிகளும் 1922 இல் தஞ்சாவூருக்கே முதலில் வந்தனர்.

1928 இல் சலேசியர் தஞ்சாவூரை விட்டுச் சென்னைப் பகுதிக்கு மாறினர். தஞ்சாவூரில் பணியாற்றிய சலேசியரான யூஜின் மெடர்லே அவ்வாண்டில் சென்னைப் பேராயரானார். பின்னர் தமிழ்நாட்டின் பல நகரங்களில் பள்ளிகளும் தொழிற்பயிற்சிக் கூடங்களும் உருவாயின. தொடர்வண்டி நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் தனித்துக் காணப்படும் சிறுவர்களுக்காக அன்பு இல்லம் என்ற பெயரில் காப்பகங்கள் தொடங்கப்பட்டன. 1999 இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தனிச் சலேசிய மாநிலம் அமைக்கப்பட்டது. சபையின் முதல் இந்திய இல்லம் இருந்த தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

மதிப்பீடு

போஸ்கோவின் கல்விமுறை அவர் காலத்துக் கத்தோலிக்கச் சமயநெறியோடு பிரிக்க முடியாதவாறு பிணைந்திருந்தது. நாடகமும் இசையும் ஒழுக்கப் போதனைக்கு உட்பட்டே அனுமதிக்கப்பட்டன. சிறுவர்களை எப்போதும் பெரியவர் பார்வையில் வைத்திருப்பது அவர்களின் தனியுரிமையைக் குறைக்கிறது என்பதும் பிற்காலத்தார் கூறும் குறையாகும். மேலும், பல நாடுகளில் சலேசிய நிறுவனங்கள் சிலவற்றில் சிறுவர்கள் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாக 20 ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் வழக்குகள் எழுந்துள்ளன. பெரியவரும் சிறுவரும் நெருங்கிப் பழகும் இல்லங்களில் நம்பிக்கை மட்டும் போதாது, சிறுவர் பாதுகாப்புக்கான வெளிக் கண்காணிப்பும் தேவை என்பதை இவ்வழக்குகள் உணர்த்தின.

மறுபுறம், காப்பகச் சிறுவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்தால் போதும் என்ற எண்ணத்தை மாற்றியவர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர். விளையாட்டும் கலைகளில் பங்கேற்பும் குழந்தையின் உரிமை என்று 1989 இல் நிறைவேறிய ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31 ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா 1992 இல் இவ்வுடன்படிக்கையை ஏற்றது. இந்தியாவின் 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் 2016 இல் வெளியிடப்பட்ட மாதிரி விதிகளும் குழந்தைகள் இல்லங்களில் விளையாட்டு, இசை, சுற்றுலா போன்ற பொழுதுபோக்கு வசதிகளை வேண்டுகின்றன. எனினும், பொருள்களை வாங்கி வைப்பதோடு கடமை முடிவதில்லை என்பதும், பெரியவர்கள் முற்றத்தில் இறங்கிச் சிறுவர்களுடன் இருக்க வேண்டும் என்பதுமே போஸ்கோ தம் இறுதிக் காலத்தில் வலியுறுத்திய கருத்தாகும்.